ஆர்.சி. சரி, இன்ஜின் சரி. ஆனால் வாங்கியது எந்த வண்டி?

பழைய வண்டி வாங்குகிறவர்கள் பலரும் இப்போது இரண்டு வேலைகளை ஒழுங்காகச் செய்கிறார்கள். அரசின் எம்பரிவாகன் ஆப்பில் வண்டி நம்பரைப் போட்டுப் பார்க்கிறார்கள். தெரிந்த மெக்கானிக்கைக் கையோடு கூட்டிப் போகிறார்கள். ஆப்பில் 'ஆக்டிவ்' என்று வருகிறது. மெக்கானிக்கும் இன்ஜின் சத்தத்தைக் கேட்டுவிட்டுத் தலையாட்டுகிறார். பணம் கைமாறுகிறது. ஆனாலும் சில மாதம் கழித்துப் பெயர் மாற்றம் பாதியில் நிற்கிறது, அல்லது மழைக்காலம் வந்ததும் டேஷ்போர்டு விளக்குகள் தானாக எரிந்து அணைகின்றன, அல்லது பழைய மணல் கடத்தல் வழக்கு ஒன்றை விசாரிக்கப் போலீஸ்காரர் வாசலில் நிற்கிறார். எல்லாம் பார்த்துத்தானே வாங்கினோம் என்ற குழப்பம் அப்போதுதான் வருகிறது.

ஆப் சொன்னது அரசு ஏட்டில் இருக்கும் ஒரு பதிவைப் பற்றி. மெக்கானிக் சொன்னது எதிரே நின்ற இரும்பைப் பற்றி. அந்தப் பதிவுக்கு உரியது இந்த இரும்புதானா, இந்த இரும்பு இதுவரை எங்கெல்லாம் கிடந்து வந்தது என்ற இரண்டு கேள்விகளையும் இவர்கள் இருவரும் தொடவே இல்லை. வண்டி, காகிதம், வரலாறு மூன்றும் ஒன்றோடொன்று பொருந்துகின்றனவா என்று பார்ப்பதுதான் சரிபார்ப்பு. ஒவ்வொன்றையும் தனித்தனியே பார்த்து 'நல்லா இருக்கு' என்று சொல்லிக்கொண்டால் அது பாதி வேலைதான்.

சட்டம் எதை 'வாங்கியது' என்கிறது?

பணம் கொடுத்துச் சாவியை வாங்கியதும் வண்டி நம்முடையது என்று நினைக்கிறோம். சட்டத்தில் இது மூன்று அடுக்காக இருக்கிறது. மூன்றும் ஒரே நாளில் நம் பக்கம் வந்துவிடுவதில்லை.

1. உடைமை. இதை 1930ஆம் ஆண்டின் பொருள் விற்பனைச் சட்டம் தீர்மானிக்கிறது. அதன் 27ஆம் பிரிவு சொல்வது இது: விற்றவருக்கு எந்த அளவு உரிமை இருந்ததோ, பொதுவாக அந்த அளவுதான் வாங்கியவருக்கும் கிடைக்கும். திருட்டு வண்டியை நல்லெண்ணத்தோடு, முழு விலை கொடுத்து வாங்கியிருந்தாலும் அது நமக்குச் சொந்தமாகாது. தரத்துக்கு வந்தால் 16ஆம் பிரிவு சில விலக்குகளோடு பொறுப்பை வாங்குபவர் தலையிலேயே வைக்கிறது. உரிமை இல்லை என்றால் விற்றவரைப் பிடிக்கலாம். கிளட்ச் தேய்ந்திருக்கிறது என்றால், அவர் பொய் சொல்லி விற்றார் என்று நாம்தான் நிரூபிக்க வேண்டும்.

2. பதிவு. 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்துக்கு, யார் பெயரில் பதிவு இருக்கிறதோ அவர்தான் உரிமையாளர். 50ஆம் பிரிவின்படி மாநிலத்துக்குள் விற்றவர் 14 நாளுக்குள்ளும், வாங்கியவர் 30 நாளுக்குள்ளும் தெரிவிக்க வேண்டும். படிவம் 29, படிவம் 30 என்பவை இதற்கானவை. கைமாறிக் கைமாறிப் போன ஒரு கார் விபத்தில் சிக்கிய வழக்கில், ஆர்.சி.யில் பெயர் இருந்த முதல் ஆளே இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் சொன்னது. பெயர் மாற்றத்தில் விற்றவருக்கும் அக்கறை இருக்க வேண்டிய காரணம் அதுதான். நிறையப் பேருக்கு இது தெரியாததால், விற்றவர் கையெழுத்து மட்டும் போட்டுக் கொடுத்து, பெயர் மாற்றாமலேயே கைமாறும் 'சைன் போட்ட ஃபார்ம்' இன்றும் ஊர் ஊராகச் சுற்றிக்கொண்டிருக்கிறது.

3. பாலிசி. அதே மோட்டார் வாகனச் சட்டத்தின் 157ஆம் பிரிவின்படி வண்டி கைமாறும்போது காப்பீடும் மாறியதாகக் கொள்ளப்படும். ஆனால் அது மூன்றாம் நபருக்கான பாதுகாப்புக்கு மட்டுமே என்று 1995இலேயே உச்ச நீதிமன்றம் தெளிவாக்கிவிட்டது. வண்டியின் சொந்தச் சேதத்துக்குக் காசு வர வேண்டுமென்றால் 14 நாளுக்குள் காப்பீட்டு நிறுவனத்திடம் விண்ணப்பித்து, பாலிசியை நம் பெயருக்கு மாற்றியிருக்க வேண்டும். உரிமையாளரே ஓட்டும்போது நேரும் விபத்துக்கான 15 லட்சம் ரூபாய் தனிநபர் காப்பீடும் பழைய உரிமையாளருக்கானதுதான். வாங்கிய மறு வாரம் அம்பாசமுத்திரம் ரோட்டில் ஏதாவது நடந்தால் அது நம் வீட்டுக்கு வராது.

பதிவையும் இரும்பையும் சேர்ப்பது ஒரே ஒரு நம்பர்

நம்பர் பிளேட் திருகாணியில் நிற்கிற பொருள். அதைக் கழற்ற ஸ்பேனர் போதும். பதிவேட்டுக்கும் வண்டிக்கும் உண்மையான இணைப்பு சேஸிஸ் நம்பர்தான். உலக வழக்கப்படி அது 17 எழுத்தும் எண்ணும் கொண்டது. ஒன்றோடும் சைபரோடும் குழம்பக்கூடாது என்பதற்காக ஐ, ஓ, கியூ என்ற மூன்று ஆங்கில எழுத்துகள் அதில் வரவே வராது. ஒரு சேஸிஸ் நம்பரில் ஓ இருப்பதுபோல் தெரிந்தால் அது சைபராக இருக்க வேண்டும், இல்லையென்றால் அங்கே வேறு கதை இருக்கிறது.

முதல் மூன்று இடங்கள் தயாரித்த நிறுவனத்தைக் காட்டும். மாருதிக்கு எம்.ஏ.3, ஹூண்டாய்க்கு எம்.ஏ.எல்., டாடாவுக்கு எம்.ஏ.டி. (MAT), மஹிந்திராவுக்கு எம்.ஏ.1. பைக்கில் பஜாஜ் எம்.டி.2 (MD2), டி.வி.எஸ். எம்.டி.6 (MD6), ஹீரோ எம்.பி.எல்., ராயல் என்ஃபீல்டு எம்.இ.3. பல நிறுவனங்கள் 10ஆம் இடத்தில் ஆண்டைக் குறிக்கின்றன: ஜே என்றால் 2018, கே 2019, எல் 2020, எம் 2021, என் 2022. எல்லா நிறுவனமும் இதே ஒழுங்கில் போடுவதில்லை என்பதால், இதை வைத்து மட்டும் யாரையும் திருடன் என்று சொல்லிவிட வேண்டாம். ஆர்.சி.யில் தயாரிப்பு மாதமும் ஆண்டும் தனியே இருக்கும். அதோடு சேர்த்துத்தான் படிக்க வேண்டும்.

கார்களில் இந்த நம்பர் பெரும்பாலும் பானெட்டுக்குள் பின்சுவர்த் தகட்டிலோ முன் சீட்டுக்கு அடியில் தரையிலோ குத்தப்பட்டிருக்கும். பைக்கில் ஹேண்டில்பார் திரும்பும் கழுத்துப் பகுதியில் இருக்கும். பார்க்கும் முறை பழைய முறையேதான்: அழுக்கைத் துடைத்து, தாளை வைத்து, பென்சிலால் தேய்த்துப் பிரிண்ட் எடுப்பது. புது வண்டி பதிவாகும்போது விண்ணப்பத்தில் ஒட்டுவதும் இதே பென்சில் பிரிண்ட்தான். கண்ணுக்கு ஒழுங்காகத் தெரியும் எழுத்து பிரிண்டில் மேடும் பள்ளமுமாக வந்தால், ஒரு எழுத்து மட்டும் ஆழமாக விழுந்தால், நம்பர் இருக்கும் அந்த ஒரு சாண் இடத்தில் மட்டும் பெயின்ட் புதுசாக இருந்தால், சுற்றிலும் கிரைண்டர் கோடு தெரிந்தால், அதோடு கிளம்பிவிடலாம். பேரம் பேச வேண்டியதே இல்லை.

இந்த மோசடி நடக்கும் விதமும் தெரிந்திருக்க வேண்டும். விபத்திலோ வெள்ளத்திலோ உருக்குலைந்த வண்டி ஒன்றைக் காயலான் விலைக்கு வாங்குவார்கள். அதில் அவர்களுக்கு வேண்டியது இரும்பு இல்லை, உயிரோடு இருக்கும் ஆர்.சி. பிறகு அதே மாடல், அதே நிறத்தில் ஒரு திருட்டு வண்டி வரும். சேஸிஸ் நம்பர் அதில் மாற்றிக் குத்தப்படும். இப்போது ஆப்பில் தேடினால் எல்லாம் சுத்தம். திருட்டுப் புகாரும் இருக்காது, ஏனென்றால் புகார் இருப்பது வேறு நம்பர் மேல். தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் 'வாகன் சமன்வய்' சேவையில் திருட்டு வண்டியா என்று தேடலாம். நல்ல வசதிதான். ஆனால் அங்கேயும் நாம் கொடுக்கும் நம்பரைத்தான் அது தேடும்.

2019 ஏப்ரல் 1 முதல் தயாரான வண்டிகளில் இன்னொரு பிடி கிடைக்கிறது. உயர் பாதுகாப்பு நம்பர் பிளேட்டின் இடது மூலையில் லேசரில் பொறித்த எண் இருக்கும். முன் பிளேட்டுக்கு ஒன்று, பின் பிளேட்டுக்கு வேறொன்று. கார் என்றால் முன்கண்ணாடியின் உட்புறம் ஒரு ஸ்டிக்கரும் ஒட்டியிருக்கும்: பெட்ரோலுக்கு இளநீலம், டீசலுக்கு ஆரஞ்சு. பிளேட் எண்களும் வண்டி அடையாளமும் அந்த ஸ்டிக்கரில் இருக்கும். பிளேட், ஸ்டிக்கர், சேஸிஸ், ஆர்.சி. நான்கும் ஒத்துப்போகிறதா என்று பார்க்கக் கால் மணி நேரம் ஆகாது. முன்கண்ணாடி மாற்றிய வண்டியில் ஸ்டிக்கர் போயிருக்கும். ஏன் மாற்றினார்கள் என்று அப்போது கேட்டே ஆக வேண்டும்.

இன்ஜின் நம்பர் பொருந்தவில்லை என்றால் உடனே திருட்டு என்று அர்த்தமில்லை. இன்ஜின் கெட்டு வேறு இன்ஜின் இறக்கியிருக்கலாம். அதை ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் தெரிவித்து ஆர்.சி.யில் ஏற்றியிருக்கிறார்களா என்பதே கேள்வி. ஏற்றவில்லை என்றால் அதை ஏற்றித் தர வேண்டியது விற்கிறவர் வேலை. வாங்கிய பிறகு நம் தலையில் விழக்கூடாது.

தண்ணீர் குடித்த வண்டி

திருநெல்வேலிப் பக்கம் வண்டி வாங்குகிறவர்கள் அதிக நேரம் செலவழிக்க வேண்டிய இடம் இது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் திருநெல்வேலி, தூத்துக்குடி, தென்காசி மாவட்டங்களில் கொட்டிய மழை எல்லோருக்கும் நினைவிருக்கும். காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர். தாமிரபரணி கரை தாண்டி ஜங்ஷன், வண்ணார்பேட்டை, கொக்கிரகுளம் என்று ஊருக்குள் வந்தது. ஸ்ரீவைகுண்டமும் ஏரலும் தனித்தீவாயின. தெருவில் நின்ற, வீட்டுக் கீழ்த்தளத்தில் நின்ற வண்டிகள் முழுகிக் கிடந்தன. அதே மாதத் தொடக்கத்தில் மிக்ஜாம் புயலில் சென்னையும் முழுகியிருந்தது. எனவே டி.என். 72 (திருநெல்வேலி), டி.என். 69 (தூத்துக்குடி) நம்பரைப் பார்த்தால் மட்டும் சந்தேகப்பட்டால் போதாது. சென்னை நம்பர் வண்டி இங்கே வந்து விற்கிறது, நம் ஊர் வண்டி மதுரைக்கும் கோவைக்கும் போய் விற்கிறது. தண்ணீர் பட்ட ஊரிலிருந்து தூரமாகக் கொண்டுபோய் விற்பதுதான் அந்த வியாபாரத்தின் தந்திரமே.

தண்ணீர் வண்டியைக் கெடுப்பதில் இரண்டு வகை உண்டு. முதலாவது உடனே தெரிவது. ஓடும் இன்ஜின் தண்ணீரை உள்ளிழுத்தால், அல்லது முழுகிய வண்டியை அவசரப்பட்டு ஸ்டார்ட் செய்தால், சிலிண்டருக்குள் போன தண்ணீர் காற்றைப்போல் அமுங்காது. பிஸ்டன் மேலே வர முடியாமல் கனெக்டிங் ராடு வளையும். இது பெரிய செலவு என்றாலும் செய்து முடித்தால் முடிந்தது.

இரண்டாவது வகைதான் பின்னால் வாங்குகிறவரைப் பிடிக்கும். வண்டல் கலந்த தண்ணீர் ஒயரிங் கனெக்டர்களுக்குள் போய், காய்ந்து, செம்பைப் பச்சையாக அரிக்க ஆரம்பிக்கும். இது மெதுவாக நடக்கும். விற்கும் நாளில் எல்லா விளக்கும் எரியும், பவர் விண்டோ இறங்கும். ஒரு வருஷமோ ஒரு மழைக்காலமோ கழிந்த பிறகு ஒவ்வொன்றாகப் போகும். பல கார்களில் ஏர்பேகைக் கட்டுப்படுத்தும் பெட்டி இரண்டு முன் சீட்டுகளுக்கும் நடுவே தரையை ஒட்டி இருக்கிறது. கணுக்கால் அளவு தண்ணீர் உள்ளே வந்தாலே முதலில் நனைவது உயிரைக் காக்க வேண்டிய அந்தப் பெட்டிதான்.

தேட வேண்டியது துடைக்க முடியாத இடங்களில்:

1. சீட் பெல்ட்டை முழுவதும், கடைசி வரை இழுங்கள். வெளியே தெரியும் பெல்ட்டைக் கழுவியிருப்பார்கள். சுருளுக்குள் இருக்கும் கடைசி ஒரு முழத்தில் வண்டல் கறை கோடாக நிற்கும். பெல்ட்டின் அடியில் தயாரிப்புத் தேதி உள்ள துணிச் சீட்டு இருக்கும். வண்டி 2019, பெல்ட் 2024 என்றால் ஏன் என்று கேளுங்கள்.

2. ஸ்டெப்னி வைக்கும் குழியில் ஸ்டெப்னியைத் தூக்கிப் பாருங்கள். குழியின் ஓரத்தில் மாவு போன்ற மண், ஜாக்கியில் துரு. டிக்கியை வாட்டர் வாஷ் செய்கிறவர்கள்கூட இதைப் பாதியில் விட்டுவிடுகிறார்கள்.

3. சீட் தண்டவாளத்தின் போல்ட்டுகள், பெடலின் மேல்பக்கக் கம்பிகள், ஸ்டியரிங் தண்டின் கீழ்ப்பகுதி. காருக்குள் இருக்கும் இரும்பு சாதாரணமாகத் துருப்பிடிக்காது.

4. ஹெட்லைட்டுக்குள் மங்கலான வண்டல் கோடு. இரண்டு ஹெட்லைட்டும் புத்தம் புதிதாக இருந்தாலும் அதே சந்தேகம்தான்.

5. மேட்டுக்கு அடியில் இருக்கும் கம்பளத்தைத் தூக்கிக் கையை வைத்து அழுத்துங்கள். பழைய வண்டியில் சீட் கவர், கம்பளம், உள்கூரைத் துணி எல்லாம் ஒரே சமயத்தில் புதிதாக இருந்தால், அதை விற்பவரின் பெருந்தன்மை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

6. கியர் ஆயில் பால் கலந்ததுபோல் வெளுத்திருக்கிறதா என்று மெக்கானிக்கைப் பார்க்கச் சொல்லுங்கள். இன்ஜின் ஆயிலை எல்லோரும் மாற்றுவார்கள். கியர் ஆயிலைப் பலர் மாற்றுவதில்லை.

இரும்பைப் பார்த்தாயிற்று. காகிதத்திலும் வெள்ளம் தடம் விட்டிருக்கும். பழைய பாலிசி நகல்களை வரிசையாகக் கேளுங்கள், அதில் 'நோ கிளெய்ம் போனஸ்' என்ற வரியைப் பாருங்கள். கிளெய்ம் எடுக்காத ஒவ்வொரு ஆண்டுக்கும் அது 20, 25, 35, 45, 50 சதவீதம் என்று ஏறும். ஒரு கிளெய்ம் எடுத்தால் அடுத்த புதுப்பிப்பில் சைபருக்கு வந்துவிடும். 2023இல் 35 சதவீதம் இருந்தது 2024 பாலிசியில் சைபர் என்றால் இடையில் என்ன நடந்தது? பாலிசி காலாவதியாகி 90 நாள் தாண்டினாலும் போனஸ் போய்விடும் என்பதால் அதையும் கேட்டுக்கொள்ள வேண்டும். பழுது செலவு, பாலிசியில் குறித்த வண்டி மதிப்பில் 75 சதவீதத்தைத் தாண்டினால் 'டோட்டல் லாஸ்' என்று முடித்து, வண்டியைச் சேதப் பொருளாக ஏலத்தில் விட்டுவிடுவது வழக்கம். அப்படி ஏலம் போன வண்டிகள் எல்லாம் உடைக்கப்படுவதில்லை. சில மறுபடியும் ரோட்டுக்கு வருகின்றன.

பைக்கில் இந்தக் காகித வழியும் கிடையாது. பெரும்பாலான பைக்குகளுக்கு மூன்றாம் நபர் பாலிசி மட்டுமே ஓடிக்கொண்டிருக்கும். வெள்ளத்துக்கு அதில் ஒரு ரூபாய் கிடைக்காது, அதனால் கிளெய்ம் பதிவும் இருக்காது. முழுகிய பைக்கை வீட்டிலேயே கழுவிக் காயவைத்து, ஆயில் மாற்றி ஓட்டியிருப்பார்கள். சீட்டைக் கழற்றி ஒயரிங் முடிச்சுகளைப் பார்ப்பது, ஏர் ஃபில்டர் பெட்டியின் அடியில் மண் தேடுவது தவிர வேறு வழியில்லை.

வெள்ளத்துக்கு உறவுக்காரன்போல் உப்பு. உவரி, கூடங்குளம் கடற்கரைப் பக்கம் நின்ற வண்டிக்கும், தூத்துக்குடி உப்பளத்தில் லோடு அடித்த வண்டிக்கும் அடிப்பக்கம்தான் முதலில் போகும். வண்டிக்கு அடியில் கறுப்புப் பூச்சு மட்டும் பளபளவென்று புதிதாக இருந்தால் ஸ்க்ரூடிரைவரின் பிடியால் தட்டிப் பாருங்கள். நல்ல தகடு கணீரென்று கேட்கும்.

மீட்டரும் மாடலும்

டிஜிட்டல் மீட்டரைக் குறைப்பது இப்போது சிரமமான வேலையே இல்லை. ஆகவே மீட்டரில் தெரியும் எண்ணை ஒரு கூற்றாக மட்டும் எடுத்துக்கொண்டு, அதற்குச் சாட்சி தேட வேண்டும். மிக நல்ல சாட்சி கம்பெனி சர்வீஸ் பதிவு. உரிமையாளர் கேட்டால் அங்கீகாரம் பெற்ற சர்வீஸ் சென்டரில் ஒவ்வொரு வரவின் தேதியும் கிலோமீட்டரும் எடுத்துத் தருவார்கள். வெளி ஒர்க்‌ஷாப்பில் பார்த்த வண்டி என்றால், அடுத்த ஆயில் மாற்றம் எத்தனை கிலோமீட்டரில் என்று எழுதிய ஸ்டிக்கர் கதவுத் தூணிலோ பானெட்டுக்குள்ளோ கிழியாமல் தப்பியிருக்கும். மீட்டர் 42,000 என்கிறது, ஸ்டிக்கர் 88,000 என்கிறது என்றால் ஸ்டிக்கரைத்தான் நம்ப வேண்டும்.

டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்று உண்டு. 3521 என்றால் 2021ஆம் ஆண்டின் 35ஆவது வாரம் தயாரானது. 'கம்பெனி டயர், இன்னும் மாத்தவே இல்ல' என்று சொல்லப்படும் 2018 வண்டியில் 2022 டயர் இருந்தால் பேச்சு அங்கேயே முடிந்தது. ஒரு நல்ல செட் டயர் நாற்பது, ஐம்பதாயிரம் கிலோமீட்டர் வரும் என்பதையும் சேர்த்துக் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். பெடல் ரப்பரும் ஓட்டுநர் சீட்டின் வலது ஓரமும் பொய் சொல்லாது. இந்த வகையில் கூடுதலாகக் கவனிக்க வேண்டியது டி போர்டிலிருந்து (வாடகை வண்டிப் பதிவு) ஓன் போர்டுக்கு (சொந்த வண்டிப் பதிவு) மாற்றிய கார்கள். குற்றால சீசனுக்கும் ஏர்போர்ட் டிரிப்புக்கும் ஓடியவை. மாற்றியது தவறில்லை, ஆர்.சி.யிலும் வரும். விலையில்தான் அது தெரிய வேண்டும்.

மாடல் விஷயம் சின்னதாகத் தோன்றும், பணத்தில் பெரியது. அடிப்படை மாடலுக்கு அலாய் வீல், டச் ஸ்கிரீன், பின்னால் உயர்ந்த மாடலின் எழுத்துப் பட்டை ஒட்டி டாப் மாடல் விலை கேட்பார்கள். ஆர்.சி.யில் மாடல் பெயர் முழுதாக இருக்கும். சாவியைத் திருப்பியதும் ஏர்பேக் விளக்கு எரிந்து சில நொடியில் அணைய வேண்டும். எரியவே இல்லை என்றால், விபத்தில் வெடித்த ஏர்பேகை மாற்றாமல் விளக்கை மட்டும் கழற்றியிருக்க வாய்ப்பு உண்டு.

காகிதத்தில் ஒளிந்திருப்பவை

'அண்ணாச்சி, சிங்கிள் ஓனர், டாக்டர் ஓட்டின வண்டி' என்று புரோக்கர் சொல்வது ஆர்.சி.யின்படி உண்மையாகவே இருக்கலாம். சைன் போட்ட ஃபார்மோடு நாலு கை மாறிய வண்டியும் பதிவேட்டில் முதல் உரிமையாளர் பெயரிலேயே நிற்கும். இடையில் ஓட்டியவர்கள் யாரும் ஏட்டில் இல்லை. ஆர்.சி.யில் பெயர் உள்ளவரை நேரில் பார்க்காமல், குறைந்தது போனிலாவது பேசாமல் அட்வான்ஸ் கொடுக்கக்கூடாது. ஆன்லைன் விண்ணப்பத்தில் பதிவான செல் நம்பருக்கு ஓ.டி.பி. போகும் என்பதால் அவர் ஒத்துழைப்பு எப்படியும் தேவைப்படும்.

அந்த ஆள் இறந்துபோயிருந்தால்? கிராமங்களில் இது சகஜம். அப்பா பெயரில் இருக்கும் வண்டியை மகன் விற்பார், பழைய கையெழுத்து போட்ட ஃபார்ம் ஒன்றையும் காட்டுவார். அது செல்லாது. வாரிசு முதலில் படிவம் 31 மூலம் தன் பெயருக்கு மாற்றிக்கொள்ள வேண்டும், பிறகுதான் விற்கலாம். மற்ற வாரிசுகளின் சம்மதமும் அப்போதே வந்துவிடும். கல்யாணமாகிப் போன அக்கா ஆட்சேபம் சொல்லி நிற்கும் நிலை நமக்கு வேண்டாம்.

ஹெச்.பி. என்று ஆர்.சி.யில் இருந்தால் கடன் கொடுத்தவருக்கு வண்டியில் பிடி இருக்கிறது என்று பொருள். 'லோன் முடிஞ்சிருச்சு' என்ற வாய்ச்சொல் போதாது. நிதி நிறுவனத்தின் தடையின்மைச் சான்றும் கையொப்பமிட்ட படிவம் 35-ம் வேண்டும். சீஸ் செய்த வண்டியைக் கம்பெனியே விற்கிறது என்றால், படிவம் 36 மூலம் கம்பெனி தன் பெயரில் புது ஆர்.சி. வாங்கியிருக்கிறதா என்று கேளுங்கள். பழைய ஆளின் பெயரிலேயே நீட்டினால், நாளை அவர் வழக்குப் போடும்போது நாமும் ஒரு கட்சிக்காரர்.

ஆப்பில் எப்போதும் தெரியும் என்று சொல்ல முடியாத ஒன்றும் நம் ஆற்றங்கரையில் உண்டு. மணல் கடத்தலில் பிடிபட்ட டிராக்டர், டிப்பர், பைக் ஆகியவற்றை நீதிமன்றம் இடைக்காலமாக உரிமையாளரிடம் ஒப்படைக்கும்போது, வழக்கு முடியும்வரை விற்கக்கூடாது, கேட்டபோது கொண்டுவந்து நிறுத்த வேண்டும் என்று பத்திரம் எழுதி வாங்குவது வழக்கம். வண்டி ரோட்டில் ஓடிக்கொண்டுதான் இருக்கும். அதை வாங்கினால் அந்த நிபந்தனையையும் சேர்த்து வாங்கிவிட்டோம். லோடு வண்டியோ டிராக்டரோ வாங்கும்போது விற்பவரின் ஊர்க் காவல் நிலையத்தில் ஒரு வார்த்தை விசாரிப்பது வெட்கப்படுகிற விஷயம் இல்லை. டிராக்டர் வாங்குகிறவர்களுக்கு இன்னொன்று: டிரெய்லருக்குத் தனி ஆர்.சி. உண்டு. இன்ஜினுக்கு மட்டும் காகிதம் வாங்கி வந்துவிட வேண்டாம்.

நிலுவை அபராதங்களை இ-சலான் தளத்தில் வண்டி நம்பர் கொடுத்துப் பார்க்கலாம். பணம் கொடுக்கும் அன்று காலையில் பாருங்கள், முந்தைய வாரம் எடுத்த ஸ்கிரீன் ஷாட்டை நம்ப வேண்டாம்.

எல்லையில் உள்ள புளியரையைத் தாண்டி வரும் கேரள நம்பர் வண்டி விலை குறைவாகத் தெரியும். அந்த விலையில் பாதிக் கணக்குத்தான் இருக்கிறது. அந்த ஊர் ஆர்.டி.ஓ. அலுவலகத் தடையின்மைச் சான்று, எந்த அலுவலகத்துக்கு வண்டி போகிறது என்பதைக் குறிப்பிட்டு இருக்க வேண்டும். தென்காசிக்கு என்று எழுதி வாங்கியதைத் திருநெல்வேலியில் நீட்ட முடியாது. இங்கே மறுபதிவு செய்யும்போது வண்டியின் வயதுக்கு ஏற்ப தமிழ்நாட்டு வரி கட்ட வேண்டும். வேறு மாநில நம்பரோடு 12 மாதத்துக்கு மேல் இங்கே ஓட்டக்கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 47ஆம் பிரிவு. 2018 ஆகஸ்ட் வெள்ளம் கேரளத்தில் என்ன செய்தது என்பதையும் நினைவில் வைத்துக்கொண்டு சீட் பெல்ட்டை இழுங்கள்.

கடையில் வாங்கினால்

2023 ஏப்ரல் 1 முதல் பழைய வண்டி வியாபாரிகளுக்கு மத்திய விதி இருக்கிறது. வியாபாரி ஆர்.டி.ஓ.விடம் அங்கீகாரச் சான்று வாங்க வேண்டும். வண்டி அவர் கைக்கு வந்ததை உரிமையாளர் படிவம் 29 சி மூலம் தெரிவித்தால், அதன் பிறகு விற்கும்வரை அவரே உரிமையாளராகக் கருதப்படுவார். சலானுக்கும் விபத்துக்கும் யார் பொறுப்பு என்ற இழுபறிக்கு இது நல்ல மருந்து. ஆனால் ஷெட் போட்டு நாலு வண்டி நிறுத்தியிருப்பவர் எல்லாம் அங்கீகாரம் வாங்கியவர் இல்லை. சான்றைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். கேட்டதும் முகம் மாறினால் அதுவும் ஒரு தகவல்தான்.

வாங்கிய பிறகு பொருந்தவில்லை என்று தெரிந்தால்

சேஸிஸ் நம்பரில் சந்தேகம் என்றால் முதலில் வண்டியை ஓட்டுவதை நிறுத்த வேண்டும், வேறு யாருக்கும் தள்ளிவிடப் பார்க்கக்கூடாது. தெரிந்தே திருட்டுப் பொருளை வைத்திருப்பது இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 317ஆம் பிரிவில் குற்றம். தெரியாமல் வாங்கினேன் என்பது, தெரிந்த உடனே நாமாகக் காவல் நிலையம் போனால்தான் எடுபடும். ஏமாற்றி விற்றவர் மேல் 318ஆம் பிரிவில் புகார் கொடுக்கலாம்.

மீட்டர் குறைப்பு, வெள்ள வண்டி, மாடல் மோசடி ஆகியவற்றில் யாரிடம் வாங்கினோம் என்பதே வழியைத் தீர்மானிக்கிறது. விற்பதைத் தொழிலாகச் செய்பவர் என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே மனு போடலாம் என்பதால், சென்னைக் கடையில் வாங்கிய வண்டிக்காக வள்ளியூர்க்காரர் சென்னைக்கு அலைய வேண்டாம். தன் சொந்த வண்டியை விற்ற தனிநபர் என்றால் அந்த வழி இல்லை. சிவில் வழக்கோ மோசடிப் புகாரோதான்.

எந்த வழியானாலும் கையில் இருக்க வேண்டியது விற்றவர் என்ன சொன்னார் என்பதற்கான எழுத்து. விற்பனை ஒப்பந்தத்தில் வழக்கமாக விலையும் தேதியும் மட்டும் எழுதுவார்கள். அதில் மூன்று வரி கூடுதலாகச் சேர்க்கச் சொல்லுங்கள்: இன்றைய மீட்டர் எண் சரியானது, வண்டி வெள்ளத்தில் முழுகியதோ டோட்டல் லாஸ் ஆனதோ இல்லை, எந்த வழக்கிலும் சம்பந்தப்படவில்லை. கையெழுத்தோடு நேரத்தையும் குறியுங்கள். அந்த நேரத்துக்கு முந்தைய சலான் அவருடையது, பிந்தையது நம்முடையது. முழுப் பணத்தையும் ரொக்கமாகக் கொடுக்காமல் வங்கி வழியாக, ஆர்.சி.யில் பெயர் உள்ளவரின் கணக்குக்கே அனுப்புங்கள். 'மச்சான் கணக்குக்குப் போடுங்க' என்றால் மச்சானும் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடட்டும்.